போதலும் இருத்தலும்: பூம்பாவைப் பதிகத்தில் இல்லறமும் பருவ விழாவும்

ஓர் இலக்கியத்தைச் சமுதாய வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வது ஒருமுறை. இலக்கியமாகவே கற்பது மற்றொரு முறை. முன்னது தவறன்று, ஆயின் பின்னதன் இடத்தை முன்னது பிடித்துக்கொள்ளுமாயின் நூலின் உயிர் போய்விடும். இக்கேட்டுக்குப் பெரிதும் ஆளான பாடல்களுள் ஒன்று, திருஞானசம்பந்தர் மயிலாப்பூரிற் பாடிய பூம்பாவைப் பதிகம். இரண்டாம் திருமுறையில் நாற்பத்தேழாவதாக நிற்பது இது. சீகாமரப் பண்ணில் அமைந்தது. தமிழ்நாட்டு விழாக்களைப் பற்றி எழுதுவோர் இதனை எடுத்தாளாமல் விடுவதில்லை. ஐப்பசி ஓணம் முதலாகப் பங்குனி உத்திரம் ஈறாக விழாப்பெயர்களைக் குறித்துக்கொண்டு, 'ஏழாம் நூற்றாண்டில் இவ்விழாக்கள் நிகழ்ந்தன' என முடிவு கூறி அமைவர். அம்முடிபு உண்மையே. எனினும் அவ்விழாக்கள் யாரிடம், எந்தக் குரலில், எதன்பொருட்டுக் கூறப்பட்டன என்னும் வினா அவ்வளவில் விடைபெறாது நின்றுவிடுகிறது. அவ்வினாவை எடுத்துக்கொண்டு, இப்பதிகத்தின் கட்டுக்கோப்பு தமிழ்க் குடும்பத்தின் அன்றாடப் பேச்சொன்றின்மேல் எழுந்தது என நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிகத்தின் அமைப்பு

பதினொரு பாடல்களுள் இறுதிப்பாட்டு திருக்கடைக்காப்பு. ஏனைய பத்தும் ஒரே வகை வினாவில் முடிகின்றன. இன்ன விழாவைக் காணாமல் நீ செல்வாயோ எனப் பூம்பாவை என்னும் பெண்ணை விளித்துக் கேட்பதே அவ்வினா. முதற்பாட்டில் காணவேண்டிய பொருளாகச் சுட்டப்படுவது விழாவன்று; அடியார்க்கு உணவிடுதலாகும். இரண்டாவதில் ஐப்பசி ஓணமும் அருந்தவத்தோர் உண்ணுதலும், மூன்றாவதில் கார்த்திகை விளக்கீடும், நான்காவதில் ஆதிரைநாளும், ஐந்தாவதில் தைப்பூசமும், ஆறாவதில் மாசிக் கடலாட்டும், ஏழாவதில் பங்குனி உத்திரமும் வருகின்றன. எட்டாவது அட்டமிநாளையும், ஒன்பதாவது ஊஞ்சல் எனப் பொருள் கொள்ளப்படும் பொற்றாப்பினையும், பத்தாவது பெருஞ்சாந்தியையும் கூறுகின்றன.

இவ்வரிசையை ஊன்றி நோக்குவார்க்கு மூன்று செய்திகள் புலனாகும். முதலாவது, ஐப்பசி முதல் பங்குனிவரை ஆறு திங்கள்கள் இடையறவின்றித் தொடர்கின்றன. இரண்டாவது, உணவு மும்முறை பேசப்படுகிறது: அடியார்க்கு இடும் உணவு, தவத்தோர் உண்ணும் உணவு, தைப்பூசத்தில் மகளிர் ஆக்கும் நெய்யளைந்த சோறு. மூன்றாவது, விழாவின் நடுவே மகளிர் நிற்கின்றனர். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய பாடல்கள் நான்கும் மயிலையை அதன் பெண்களைக் கொண்டே அறிமுகப்படுத்துகின்றன. மை தீட்டிய கண்ணினர், வளையணிந்த கையினர், விளக்கேற்றுவோர், சோறு சமைப்போர் என அவர்கள் காட்சியளிக்கின்றனர்.

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் காட்டும் இந்திரவிழாவோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மணிமேகலையின் விழாவறை காதையில் முரசு அறைந்து விழா அறிவிக்கப்படுகிறது. இருபத்தெட்டு நாள் நிகழும் அவ்விழா பெருநகரின் விழா. மயிலையிலோ முரசறைவோனும் இல்லை, ஆணையிடும் அரசனும் இல்லை. வேல்வல்லார் சேரி ஒருமுறை சுட்டப்படுவதைத் தவிர ஆட்சியின் சாயல் எங்கும் இல்லை. அடுக்களையும் தெருவும் கடற்கரையுமே விழாவின் களங்கள். கோயில் நடுவே இருக்கின்றது. ஆனால் அதனை நாம் வீட்டு வாயிலில் நின்றே காண்கிறோம்.

பட்டியல் எனக் கொள்வதன் குறை

இப்பதிகத்தை விழாப் பட்டியலாகக் கொள்வோர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. ஆண்டிற்குத் திங்கள் பன்னிரண்டு. பதிகம் தொடர்ந்து கூறுவனவோ ஆறு. எஞ்சியவற்றை எவ்வாறு நிரப்புவது? பங்குனிக்குப்பின் வருதலின் அட்டமிநாள் சித்திரைக்குரியது என்றும், அதற்குப் பின்னுள்ளவை அடுத்தடுத்த திங்கள்களுக்கு உரியவை என்றும் வகுத்துப் பன்னிரு திங்கள் அட்டவணையை நிறைவுசெய்ய முயல்வர். ஆனால் எட்டாம் பாட்டு முதலாகத் திங்களின் பெயர் பதிகத்தில் வரவில்லை. ஆசிரியர் சொல்லாது விட்டதை நாம் சொல்லி நிரப்புவது உரையன்று. நமது விருப்பத்தை நூலின்மேல் ஏற்றுவதாகும்.

மேலும், திங்கட்பெயர் ஏன் அவ்விடத்தில் நின்றது என்பதற்குப் பதிகத்திலேயே காரணம் உண்டு. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணனையும், ஒன்பதாம் பாட்டு அயனும் மாலும் தேடியதையும், பத்தாம் பாட்டுச் சமண சாக்கியரையும் கூறுதல் பெருவழக்கு. இப்பதிகத்தும் அம்மரபு தவறாது வருகின்றது. மரபு தொடங்கும் இடத்திலேயே திங்கள்வரிசை நின்றுபோவதும், மகளிர் விழாவயரும் காட்சி மறைவதும் தற்செயல் அல்ல. வீட்டின் நாட்காட்டிக்கு இடம் தந்த பாடல்கள் ஏழு. பதிக மரபிற்கு இடம் தந்தவை மூன்று. இவ்விரண்டையும் ஒரே பட்டியலாக்கினால் இரண்டன் இயல்பும் மறைந்துபோகும்.

இல்லாதவற்றைக் கொண்டு முடிவு கூறுவதிலும் எச்சரிக்கை வேண்டும். இன்று ஐப்பசி என்றதும் நம் நினைவுக்கு வருவது தீபாவளி. தை என்றதும் பொங்கல். இவ்விரண்டும் பதிகத்தில் இல்லை. அதனால் அவை அக்காலத்தில் இல்லை எனத் துணிதல் பொருந்தாது. பதிகம் கபாலீச்சரத்தோடு தொடர்புடைய நாள்களையே கூறுகின்றது. மதுரைக்காஞ்சி மாயோனுக்குரியதாகக் கூறும் ஓணம் ஈண்டு ஐப்பசியிற் சிவனுக்குரியதாகின்றது; இன்றோ ஓணம் என்றதும் மலையாள நாட்டுச் சிங்கத் திங்கள் விழாவே நினைவுக்கு வருகிறது. இங்குச் சிவனுக்குரியதாகக் கூறப்படும் தைப்பூசம் இன்று பெரும்பாலும் முருகனுக்குரிய நாளாகப் போற்றப்படுகிறது. நாள் நிற்க அதன் தெய்வம் மாறுதலும், தெய்வம் நிற்க நாள் மாறுதலும் உண்டு என்பதற்கு இவை சான்றாகும். விழாப்பெயர்களை மட்டும் கொண்டு ஒப்பிடுவார்க்கு இம்மாற்றம் குழப்பமே தரும்.

சேக்கிழார் கண்ட பொருள்

பதிகத்தை மட்டும் படிப்பார்க்குப் பூம்பாவை இறந்தவள் என்பதே தெரியாது. பாம்பு, சாம்பல், குடம், தந்தை ஆகிய எவையும் பதிகத்தில் இல்லை. இவற்றையெல்லாம் நமக்குத் தருபவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் ஏழு வயதிற் பூக்கொய்யச் சென்றபோது பாம்பு தீண்டி இறந்தாள்; தந்தை அவளுடைய எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துப் பேணினார்; சம்பந்தர் பதிகம் பாட, அவள் பன்னிரண்டு வயதினளாய் எழுந்தாள்; மணந்துகொள்ள வேண்டிய தந்தைக்கு, அவள் தமக்கு மகளாவாள் எனக் கூறிச் சம்பந்தர் மறுத்தார். இது பெரியபுராணம் கூறும் வரலாறு.

இதனைக் கொண்டு இருவேறு கருத்துகள் எழலாம். பதிகத்தில் இல்லாத கதையைப் புறத்தே தள்ளிவிட்டு, பூம்பாவை என்பதைப் பாவைப் பாட்டின் விளிபோலப் பொதுவிளியாகக் கொள்ளவேண்டும் என்பது ஒன்று. கதையே பொருள், பதிகம் அதன் கருவி என்பது மற்றொன்று. நாம் இரண்டையும் முழுமையாக ஏற்கவில்லை. சேக்கிழாரைக் கதை சொன்னவராக மட்டுமின்றிப் பதிகத்தின் பழைய திறனாய்வாளராகவும் கொள்ளுதல் வேண்டும். பதிகத்தைத் தொடங்கும் இடத்தில் அவர் அதன் பொருளை இரண்டாகச் சுருக்கித் தருகிறார்: மண்ணிற் பிறந்தார் பெறும் பயன் சிவனடியாரை உண்பித்தலும், விழாவின் பொலிவைக் கண்ணாரக் காணுதலும் ஆகும், அது மெய்யாயின் உலகோர் முன் வருக என்று சம்பந்தர் உரைத்ததாகப் பாடுகிறார். ஊட்டுதல், காணுதல் என்னும் இவ்விரண்டையும் அவர் புதிதாகப் படைக்கவில்லை. முதற்பாட்டிலிருந்து ஒன்றும் ஏனையவற்றிலிருந்து ஒன்றும் எடுத்தார். நுண்ணிய வாசிப்பு அது.

ஆயினும் ஓரிடத்தில் பதிகத்தினின்றும் சேக்கிழார் வேறுபடுகிறார். அவர் பாட்டில் வருவது 'மெய்யாயின் வருக' என்னும் வாய்மைச் சூள். பதிகத்தில் வருவதோ 'காணாமற் செல்வாயோ' என்னும் இரங்கற்குரல். முன்னது அவைமுன் நிற்கும் ஞானியின் மொழி. பின்னது வீட்டுவாயிலில் நிற்கும் பெற்றோரின் மொழி. மகளாவாள் என்று பின்னர்ச் சம்பந்தர் கூறியதாகச் சேக்கிழார் அமைத்தமைக்குரிய வித்து, பதிகத்தின் இக்குரலிலேயே கிடக்கின்றது என்பது நம் கருத்து.

வினாவின் மொழி

இனி அவ்வினாவை நோக்குவோம். அதில் இரண்டு வினைகள் உள. காணுதல் எதிர்மறை எச்சமாகவும், போதல் வினாவாகவும் நிற்கின்றன. 'போ' என்னும் வினைக்குத் தமிழில் உள்ள இருபொருளை யாவரும் அறிவர். ஊருக்குச் செல்லுதலும் அதுவே. உயிர் நீங்குதலும் அதுவே. 'அவர் போய்விட்டார்' என்றால் இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். இதனாலன்றோ தமிழ் வீடுகளில் வெளியே புறப்படுவார் 'போகிறேன்' என்னாது 'போய் வருகிறேன்' என்று கூறுகின்றனர். 'போகிறேன்' என்று வாய்தவறிச் சொல்லும் பிள்ளையை 'வருகிறேன் என்று சொல்' எனப் பெரியோர் திருத்துகின்றனர்.

பதிகம் இறப்பைப் பெயர் சொல்லிக் குறிக்காமல் போதல் என்னும் பொதுச்சொல்லால் குறித்தது வெறும் மங்கல வழக்கு மட்டுமன்று. இறந்தவளைச் செத்தவளாகக் கருதாது, புறப்பட்டு நிற்பவளாகக் கருதும் மனநிலை அதில் உண்டு. புறப்பட்டு நிற்பவரைத் தடுக்கும் முறை யாது? 'போகாதே' என்று நேரே சொல்லுதல் நம் வழக்கமன்று. 'விளக்கேற்றும் நாள் வருகிறதே, இருந்து போகலாமே', 'ஒருவாய் சாப்பிட்டுப் போகலாமே' என்றே சொல்வோம். வரவிருக்கும் நன்னாளையும் அடுப்பிலிருக்கும் உணவையும் காட்டித் தடுத்தலே தமிழ் இல்லத்தின் விருந்தோம்பல் மொழி. பதிகத்தின் முதற்பாட்டு உணவைக் காட்டுகின்றது. அடுத்த ஆறு பாடல்கள் நாள்களைக் காட்டுகின்றன. ஒருநாளைக் காட்டித் தடுத்தபின் அடுத்த நாளைக் காட்டித் தடுப்பதனாலேயே திங்கள்கள் இடையறாது தொடர்கின்றன. எனவே, விழாவரிசை என்பது பட்டியலின் ஒழுங்கன்று. பிரிய மனமில்லாதாரது பேச்சின் ஒழுங்கு.

இம்மொழிக்குச் சங்க இலக்கியத்திலேயே முன்னோடி உண்டு. அகநானூற்று 141ஆம் பாட்டில், கார்த்திகைத் திங்களின் நிறைமதி நாளில் தெருவெங்கும் விளக்கிட்டு ஊரார் ஒருங்கு கொண்டாடும் விழாவைத் தம்மோடு அயரத் தலைவன் வருவானாக எனத் தலைவி விழைகின்றாள். அப்பாட்டிலும் மனையின் அடுப்பும் புதுமணப் பெண்ணும் அவலிடிக்கும் மகளிரும் இடம்பெறுகின்றனர். அங்கு விழா, பிரிந்தவனை வரவேண்டும் ஒரு காரணம்; இங்கு விழா, செல்பவளை நிறுத்த வேண்டும் ஒரு காரணம். அகமரபின் 'வருக' என்பது பத்திப் பாட்டில் 'செல்வாயோ' என மாறியது; விளக்கு அதே விளக்கு. தலைவன் தலைவியரிடை நின்ற உணர்வு பெற்றோர் மகளிடை உணர்வாக மாறியதே ஈண்டு நிகழ்ந்த புதுமை.

ஒப்பீடு

பாவைப் பாட்டுகளோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். காலத்தாற் பிற்பட்டவை என ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருதும் திருவெம்பாவையிலும் திருப்பாவையிலும், மார்கழி வைகறையில் வாயிலில் நிற்கும் தோழியர் உள்ளே துயிலும் பெண்ணை எழுப்புகின்றனர். உள்ளிருப்பவள் எளிதில் விடை தருவதில்லை. மயிலைப் பதிகத்திலும் பேசுபவர் ஒருவர், விடை கூறாதவள் ஒருத்தி. அங்கு உறக்கம், இங்கு மீளா உறக்கம். அங்கு 'எழுந்து வா', இங்கு 'போகாது இரு'. விளி ஒத்திருத்தலால் பொதுவிளி என்பாரது கருத்திற்கு ஓரளவு இடமுண்டு எனினும், வினை வேறாதலின் பொருளும் வேறாகின்றது.

வடநாட்டு மொழிகளில் பாரமாசா என்னும் பன்னிரு திங்கட் பாட்டு வகை உண்டு. 1540ஆம் ஆண்டளவில் மாலிக் முகம்மது சாயசி அவதி மொழியில் இயற்றிய பதுமாவத் என்னும் காவியத்தில், கணவனைப் பிரிந்த நாகமதி திங்கள்தோறும் வருந்தும் பகுதி அவ்வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆங்கு மழையும் பனியும் வெயிலும் பிரிந்தவளின் துயரை அளக்கும் கோல்களாகின்றன. பூம்பாவைப் பதிகத்தில் வருந்துவாரின் துயர் ஓரிடத்தும் நேரே கூறப்படவில்லை. விளக்கு ஏற்றப்படுகிறது, சோறு ஆக்கப்படுகிறது, ஊரார் கடலாடுகின்றனர். ஒருத்தி மட்டும் அங்கு இல்லை. துயரைச் சொல்லாமல் மகிழ்ச்சியைச் சொல்லித் துயரை உணர்த்துதல் இதன் தனித்திறம்.

மேலைப் புறநகரும் இப்பதிகமும்

இலக்கியத்தின் மொழி வாழ்வின் மொழி என்று கூறினோம். அதற்கு இன்றைய வாழ்விற் சான்று வேண்டுவார், மயிலையைவிடச் சென்னையின் மேலைப் புறநகரை நோக்குதல் தகும். சேக்கிழார் கூறும் வழியில் சம்பந்தர் திருவேற்காட்டையும் திருவலிதாயத்தையும் வணங்கித் திருவொற்றியூர் சென்று, பின்னரே மயிலை வந்தடைகின்றார். திருவலிதாயம் இன்றைய பாடி. திருவேற்காடு, அடியார்க்கு உணவிடுதற்காகவே தம் பொருளெல்லாம் விற்றுச் சூதாடியும் பொருளீட்டிய மூர்க்க நாயனார் பிறந்த ஊர். சேக்கிழாரின் குன்றத்தூரும் பூவிருந்தவல்லிக்கு அண்மையதே. உணவிடுதலைப் பிறவிப்பயன் என முதலில் வைத்த புலவர் இந்நிலத்தார் என்பதனையும் நினைத்தல் நன்று.

ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் அண்மையில் உள்ளது கோவில்பதாகை. சொற்பொருளளவில் நோக்கின் அப்பெயர் கோயிற்கொடி எனப் பொருள் தரும். கொடியேற்றமே விழாவின் தொடக்கம். 1961இல் ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதனையும் பிற தொழிலிடங்களையும் நாடிப் பல மாவட்டத்தார் இப்பகுதியிற் குடியேறினர். 2019இல் ஆவடி மாநகராட்சியாயிற்று. இவ்வாறு வளர்ந்த ஊர்களில் அடுத்தடுத்த வீடுகளின் நாட்காட்டிகள் ஒத்திருப்பதில்லை. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார் ஒருவீட்டார். புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்குத் தளிகையிடுவார் மற்றொரு வீட்டார். இவ்விரு திங்களும் பதிகத்தில் இல்லை. ஆயினும் கார்த்திகையில் எல்லா வாயில்களிலும் அகல்விளக்கு நிற்கின்றது. ஆதிரையிற் களி கிண்டும் வீடுகள் உண்டு. மாசி மகத்தன்று கடலாடச் செல்வார் உளர். பங்குனி உத்திரம் தவறுவதில்லை.

ஆனால் இவ்வொற்றுமையை மட்டும் காட்டினால் நாமும் பட்டியலாளர் ஆவோம். ஒற்றுமையின் உண்மையான இடம் வேறு. பொங்கலுக்கு வந்த மகனும் மருமகளும் கன்றுப்பொங்கலன்றே பெட்டியைக் கட்டும்போது, 'காணும் பொங்கலும் ஆகட்டுமே' என்று தாய் கூறுகிறாள். வெளிநாட்டு வேலைக்குப் பயணச்சீட்டுப் பெற்ற மகளிடம், 'தீபம் முடிந்தபின் புறப்படக் கூடாதா' என்று தந்தை கேட்கிறார். அப்பெற்றோர் பூம்பாவைப் பதிகத்தைக் கேட்டிராமலும் இருக்கலாம். எனினும் அவர்கள் பேசுவது அதன் இலக்கணமே. திங்களைக் காட்டியும் உணவைக் காட்டியும் நிறுத்துகின்றனர்; 'போகாதே' என்னும் சொல்லைத் தவிர்க்கின்றனர்; விடை வராது என அறிந்தும் வினாவாகவே கேட்கின்றனர்.

மயிலையிற் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், பூம்பாவை உயிர்பெற்றெழுந்த நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது, பதிகமும் ஓதப்படுகிறது. ஏழாம் பாட்டுக் கூறும் பங்குனி விழாவே பதிகத்தைப் பாதுகாக்கும் விழாவுமாயிற்று. காணாமற் செல்வாயோ என்று கேட்கப்பட்டவள் ஆண்டுதோறும் அவ்விழாவிலேயே காணப்படுகிறாள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். பதிகத்தின் முதல் ஏழு பாடல்கள் இல்லத்தின் நாட்காட்டியையும், பின்மூன்று பதிக மரபையும் தழுவியவை. ஆதலின் பன்னிரு திங்களை அதில் நிரப்ப முயலுதல் வேண்டா. சேக்கிழாரின் கதை பதிகத்திற்குப் புறத்தது எனினும், உணவு, காட்சி என்னும் இரண்டையும் தெரிந்தெடுத்த அவரது வாசிப்பு பதிகத்தின் அகத்தே நிற்பது. விழாக்களின் தொடர்ச்சி, செல்பவரை நாள்காட்டி நிறுத்தும் தமிழ் இல்லத்தின் பேச்சு முறையால் அமைந்தது.

பத்தி இலக்கியத்தை ஆராயப் புகும் மாணவர்கள் விழாப்பெயர்களைத் தொகுத்தபின், அவ்வளவில் நில்லாது, அவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டன என்றும் கேட்பார்களாக. கேட்பின், நாள்களும் கோள்களுமாகத் தோன்றிய பாடல்கள் பலவற்றில் மனிதர் நிற்பதைக் காண்பர். பூம்பாவைப் பதிகத்தில் நிற்பது, புறப்பட்டுவிட்ட ஒரு பிள்ளையும் வாயிலை விட்டு நீங்காத ஒரு குரலும்.